யாகப்பரும் ஜேம்ஸும்

கொலோன், ஜெர்மனி
யாகப்பர் துணை

அன்பான அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? எண்ணெய் பூசுகிறீர்களா, இல்லை போத்தலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களா?

இங்கே ஒரு புதினம். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் ஹெல்காவின் பூட்டன் அயர்லாந்துக்காரர், பெயர் ஜேம்ஸ் டியர்னி. அவரைப் பெற்ற தாய் யாரென்று ஹெல்கா இரண்டு வருடமாகத் தேடுகிறார். அரசாங்கப் பிறப்புப் பதிவில் ஆளே இல்லை. மிஞ்சியது இணையத்தில் இருக்கும் பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள்தான். நேற்றுத் தேநீர் இடைவேளையில் நானும் எட்டிப் பார்த்தேன். ‘யாக்கோபுஸ் டியர்னி’ என்று ஒரு வரி இருந்தது.

“இவர் யாக்கோப். என்ர ஆள் ஜேம்ஸ்” என்று ஹெல்கா அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குருநகரில் கோயில் யாகப்பர் கோயில், பள்ளிக்கூடம் சென் ஜேம்ஸ். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே! அங்கத்தைய பங்குச் சுவாமியார் ஜேம்ஸை லத்தீனில் யாக்கோபுஸ் என்று எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். பிறந்த தேதியும் தகப்பன் பெயரும் அப்படியே பொருந்தின. தாயின் பெயர் ஹொனோரா.

“யெனிற்றா, நீ கெட்டிக்காரி!” என்று ஹெல்கா என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினார்.

இங்கே ‘ஜெ’யை ‘யெ’ என்றுதான் வாசிப்பார்கள். வந்த நாள் முதல் நான் யெனிற்றாதான்.

மிளகாய்த்தூள் முடிகிறது, அரைக் கிலோ அனுப்புங்கோ. முகவரி இங்கிலிஷிலேயே இருக்கட்டும். பக்கத்தில் என் பெயரைத் தமிழிலும் எழுதிவிடுங்கோ. ‘ஜெ’ பெரிதாக இருக்கட்டும்.

ட்ராம் வந்துவிட்டது.

உங்கள் மகள்
ஜெனிற்றா