டார்ட்மூரில் ஒரு முறிகண்டி

மார்ச் 9, சனி

லண்டன் குட்மேய்ஸின் ஏகச் சக்கரவர்த்தி, அறுபத்து மூன்று வயதுக் காளை, சண்முகராசாவாகிய நான் இன்று ஐந்து மணித்தியாலம் கார் ஓட்டி இங்கிலாந்தின் மறுகோடியைக் கண்டேன். பக்கத்தில் அக்காவின் மகள் துசியந்தி. தொல்லியல் கம்பனியொன்றில் வேலை, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. முதல் தடவையாக ஓர் இடத்தைத் தனியே அளக்க விட்டிருக்கிறார்கள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தேர்ப்பாகன் நான்.

மரமே இல்லாத மேட்டு வெளி. பல நூறு வருடங்களுக்கு முன் வெள்ளீயம் தோண்டியவர்கள் கொட்டிய கழிவு மண், ஆயிரம் யானைகள் படுத்துக் கிடப்பதுபோல. கூரையில்லாத ஒரு கல் வீடு. அதன் வாசலில் மூன்று குழிகளோடு ஒரு கருங்கல். தாதுக்கல்லை வைத்து இடித்த குழிகளாம்.

துசி அளவு நாடாவோடு மேலே போனாள். மூடுபனி இறங்கியது. எனக்குக் குரங்குப் புத்தி. ஊரில் கண்டி ரோட்டால் போகிற வாகனம் எதுவும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று கற்பூரம் கொளுத்தாமல் தாண்டாது. இவ்வளவு நீளப் பயணத்துக்கு ஒரு பிள்ளையார் இல்லையென்றால் எப்படி? அந்தக் கல்லையே பிள்ளையாராக்கினேன். நடுக்குழியில் ஒரு கட்டி கற்பூரம். தேங்காய் காருக்குள் கிடந்தது. போய் எடுக்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பேறி நான்.

எரிந்து முடிய, குழி கறுத்திருந்தது. சட்டைக் கையால் தேய்த்தேன். போகவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் — நிலத்துக்குக் கீழே, உலக்கை போடுவதுபோல. தொம். தொம். துசிதான் எதையோ அடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் எனக்குப் பின்னால் வந்து நின்று, "மாமா, என்னத்தைப் போட்டு இடிக்கிறீங்கள்?" என்றாள்.

மார்ச் 10, ஞாயிறு

மனைவி செல்வமலருக்கு, மூடுபனிக்குள் ஆறு காட்டெருதுகளை வென்ற கதையைச் சொன்னேன். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றாள். கற்பூரக் கதையைச் சொல்லவில்லை.

மார்ச் 14, வியாழன்

துசி போன் எடுத்தாள். குரலில் கலியாண வீட்டுச் சந்தோசம். அன்று அங்கிருந்து புறப்பட முன் எடுத்த படங்களில் கல்லின் குழிகளுக்குள் புகைக்கரி தெரிகிறதாம். "இடிக்கிற கல்லுக்குள்ள ஏன் நெருப்பு வைச்சவங்கள்? ஒருத்தரும் இதைப் பற்றி எழுதேல்ல மாமா! இருபத்தெட்டாம் தேதி கம்பனிக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால பேசப் போறன். வேலையும் நிரந்தரமாகும்."

படத்தை அனுப்பினாள். மூன்று குழிகளும் கறுப்பு.

நான் கொளுத்தியது ஒன்றில்தானே?

மார்ச் 15, வெள்ளி

ஏன் வாயைத் திறக்கவில்லை? ஒரு கட்டி கற்பூரத்தால் பிள்ளையின் பெயரை எரிக்கப் போகிறேனே. சண்முகராசா, நீ ஒரு விசரன்.

மார்ச் 20, புதன்

ஃபாரஸ்ட் கேட்டில் அவளுடைய அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "போன வருசம் மகாராணியின்ரை அரண்மனை நாய் உங்களுக்குக் கை தந்ததெண்டும் சொன்னனீங்கள்."

கற்பூரத்தை எடுத்து அவளுடைய கோப்பையில் கொளுத்தினேன். அதே கரி. சிரிப்பு நின்றது.

"மூண்டிலுமே?"

"ஒண்டில. நடுவில."

"மாமா, இப்பவும் விளையாடாதேங்கோ."

"மற்ற ரெண்டும் நானில்லை பிள்ளை. உன்ரை அம்மாவாணை."

கோப்பையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாழ்நாளில் நான் சொன்ன பொய்யெல்லாம் அந்த அறையில் வந்து குந்தியிருந்தன.

மார்ச் 23, சனி

என் பேச்சைச் சோதிக்கத் துசியோடு மறுபடியும் அங்கே. நாங்கள் வந்துபோன நாளிலிருந்து இரண்டு கிழமையாக அடைமழையாம், சப்பாத்து புதைந்தது. எங்களுடையதைத் தவிர வேறு கால் தடமில்லை.

நடுக்குழி நிறைய மழைத்தண்ணீர். என் கரி பாதி கழுவிப் போயிருந்தது. இரு பக்கக் குழிகளிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சாம்பல். துசி கையுறையைக் கழற்றி விரலை வைத்தாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுது மாமா."

நானும் தொட்டேன். சுட்டது. இதில் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை.

பிறகு காலுக்குக் கீழே — தொம். தொம். இந்தமுறை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி கேட்டோம். ஆறு வயதுக்குப் பிறகு முதன்முதலாக அவள் என் கையைப் பிடித்தாள். கார்வரை விடவில்லை.

மார்ச் 28, வியாழன்

துசி கூட்டத்தில் சொல்லிவிட்டாளாம்: நடுக்குழிக் கரி என் மாமாவின் வேலை, மற்ற இரண்டும் யாருடையதென்று தெரியவில்லை. மூன்றும் மாமாவுடையவை என்று எழுதி முடித்துவிடச் சொன்னாராம் மேலதிகாரி. "அவர் ஒண்டெண்டால் ஒண்டுதான்" என்றாளாம். யாரோ சிரித்தார்களாம். வேலை நிரந்தரமாகவில்லை, இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம்.

"கவலையோ பிள்ளை?"

"ஓம். ஆனா மாத்தி எழுதமாட்டன்."

இரவுச் சாப்பாட்டின்போது செல்வமலர், அந்த வெளியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாள்.

"கல்லும் மண்ணும்" என்றேன்.

அகப்பையை வைத்துவிட்டு வந்து, காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.