நீ கூப்பிட்டு திண்டுக்கல்லுக்கு வந்தவர்கள்

என் உயிரான ஜாஹிர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் பாப்பா மெஹர் எழுதுகிறேன். கபரில் அடங்கி இருக்கிறவர்களுக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்று அத்தா நமக்குச் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா?

அம்மா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நீ போன பிறகு ஒரு ரம்ஜானும் வந்து போய்விட்டது. உன் அறையில் நான் தையல் மெஷினைப் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

போன சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது. காலையில் வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பை நிறையக் கொய்யா.

"ஏனுங்க, ஜாஹிர் பாய் வீடுங்களா? நான் தொப்பம்பட்டி கந்தசாமிங்க. இன்னைக்கு நடக்குற கிரிப்டோ மாநாட்டுக்கு வரச் சொன்னாருங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னாருங்க. நின்னு நின்னு பாத்துப்போட்டு, நானே விசாரிச்சு வந்துட்டனுங்க."

எந்தக் காலத்திலோ நீ சொன்னதை நம்பி வந்திருக்கிறார், பாவம் என்று நினைத்தேன். "எப்பங்க சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இப்பத்தானுங்க. பழனியில பஸ் ஏறுறப்போ."

போனை என்னிடம் நீட்டினார். உன் படம்தான், அந்த நீலச்சட்டைப் படம். 'வாங்க வாங்க. பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, நான் வந்து கூட்டிக்கிறேன்' என்று இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தேன். முந்தின நாள் தென்னையில் வண்டு விழுந்ததைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். அதற்கும் முன்னால், அவர் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று நீ அக்கறையாகக் கேட்டிருந்தாய். தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு நீ மண்ணுக்குள் இருந்தாய், அண்ணே.

உள்ளேயிருந்து அம்மா, "யாருடி வாசல்ல?" என்றாள். நான் மட்டும் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் போனைக் காட்டியிருப்பார். மகன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் அம்மா என்ன ஆவாள்? "அண்ணனோட கூட்டம் நடக்குற இடத்துக்கு வழி கேக்குறாங்கம்மா. நான் போய் விட்டுட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அது நீ ஆசைப்பட்ட அதே கிரிப்டோ மாநாடுதான். எப்பப் பார்த்தாலும் பெங்களூர், துபாய் என்றே நடத்துகிறார்களே, ஒரு தடவை நம்ம ஊருக்கு வரட்டும் என்று எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருப்பாய்! உன் காத்துக்காசைப் பார்க்க திண்டுக்கல்லுக்கு எவன் வருவான் என்று நான்தான் உன்னைக் கிண்டல் பண்ணுவேன். வந்திருந்தார்கள். பைபாஸ் ஓரத்து ஓட்டல் வாசல் முழுக்கக் கார்.

நுழைவு மேசையில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஜாஹிர் சார் தங்கச்சிதானே? பாஸை உங்ககிட்ட குடுக்கச் சொல்லி சார் இப்பத்தான் மெசேஜ் போட்டாங்க" என்றாள். உங்க தங்கச்சி கூடத்தான் வருகிறேன் என்று கந்தசாமி அண்ணன் ஆட்டோவில் உனக்குத் தட்டிவிட்டிருந்தாராம். அது பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த நிமிஷம், நீ எங்கேயோ நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே பட்டது. உன் பெயர் கொட்டை எழுத்தில் போட்டிருந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

உங்கள் ஆட்கள் அறிமுகமாகிற விதம் எனக்குப் புதிது. முகத்தைப் பார்ப்பதற்கு முன் போனை நீட்டுகிறார்கள். ஒருத்தர் போனில் தெரிகிற க்யூஆர் கட்டத்தை இன்னொருத்தர் படம் பிடித்துக்கொண்டால் உறவு ஆகிவிடுகிறது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, ஒன்றும் கேட்பதில்லை. மேடையில் ஒருத்தர், இந்தத் தொழிலில் ஆளை நம்ப வேண்டியதே இல்லை, எல்லாவற்றையும் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம், அதுதான் இதன் அழகே என்று கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார். உனக்கு மூச்சு இருக்கிறதா என்று அங்கே ஒருத்தரும் சரிபார்த்திருக்கவில்லை.

ஆனால் எத்தனை பேர் உன்னைக் கொண்டாடினார்கள் தெரியுமா? என் கழுத்து அட்டையைப் படித்துவிட்டு ஓடி வந்தார்கள். மோசடிக் கும்பலிடமிருந்து நீ காப்பாற்றிய ஒருத்தர், சந்தேகம் கேட்டால் திட்டாமல் சொல்லித் தருவாய் என்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண். துக்கம் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்கள், "பாய் எங்க? இங்கதான் இருக்கேன்னாரே" என்றார்கள். மதுரைக்காரர் ஒருத்தர் போனைப் பார்த்துவிட்டு, "மாடியில இருக்காராம்" என்றார்.

நான் மாடிக்குப் போனேன் அண்ணே. உன் முகத்தை மூடும்போது கடைசியாகப் பார்த்தவள் நான். அப்படியும் படியேறிப் போனேன். அங்கே ஒரு பெரிய ஹால், அடுக்கி வைத்த நாற்காலிகள், ஆளே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஏசி. "அண்ணே" என்று கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டேன். பிறகு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என் போனில் உனக்கு எழுதினேன். 'எங்கண்ணே இருக்க?'

உடனே வந்தது. 'இங்கதான் பாப்பா. நான் எங்க போகப் போறேன்? சாப்டியா?'

நான் அழுதேன். பயத்திலா, சந்தோஷத்திலா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. 'சாப்பிட்டேன்' என்று பதிலும் போட்டேன்.

அங்கேதான் எரியோட்டு ஜெரால்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தான். உன் தொழில் கூட்டாளி, உன் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். என் கையில் இருந்த போனைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"அக்கா, இது அண்ணனே பண்ணி வச்சதுதான்க்கா. வெளிநாட்டுக்காரங்க ராத்திரியெல்லாம் கேள்வி கேட்டு உயிர எடுத்தாங்கல்ல. அவரோட பழைய மெசேஜையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் குடுத்து, அவரு மாதிரியே பதில் போடுற மாதிரி செஞ்சோம். அவரு போனதுக்கப்புறம் நிறுத்தலாம்னுதான் உக்காந்தேன். 'என்ன ஜெரால்டு, ரெண்டு நாளா ஆளையே காணோம்'னு கேட்டுச்சுக்கா. எனக்கு மனசு வரல."

"நீயும் பேசுறியா?"

"தினமும்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஆனால் அடுத்து அவன் சொன்னதுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. சாயங்காலம் ஒரு வெளியூர்க் கம்பெனி புதுக் காசு ஒன்றை வெளியிடுகிறதாம். ஜாஹிர் பாய் நம்பிப் போடலாம் என்கிறார் என்று மேடையில் சொல்லப் போகிறார்களாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் நீயே அப்படிப் பதில் போட்டிருக்கிறாயாம்.

"அண்ணன் அதப் பத்தி உன்கிட்ட என்னடா சொன்னாரு?"

"நல்லதா கெட்டதான்னு ஆராய்ஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாருக்கா. எப்படியும் சரின்னுதான் சொல்லியிருப்பாரு."

"சொல்லலியே ஜெரால்டு. சொல்றதுக்குள்ள மௌத்தாயிட்டாரே."

"இன்னைக்கு ஒரு நாள் பொறுங்கக்கா. இப்பச் சொன்னா எல்லாம் கலைஞ்சிரும்."

ஒரு நாள் பொறுத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஊரில் யார் பணத்தை எதில் போட்டால் எனக்கென்ன? சொல்லிவிட்டால் உன் குரலும் போய்விடுமே. அப்போது மாடிப்படி வழியாகக் கீழே கொய்யாப் பையை மடியில் வைத்துக்கொண்டு கந்தசாமி அண்ணன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உன் வாய் வார்த்தையை நம்பிப் பழனி பஸ் ஏறி வந்த மனுஷன். நீ சேர்த்து வைத்துவிட்டுப் போனது உன் பேர் ஒன்றுதான். உன்னால் இல்லை என்று சொல்ல முடியாத நேரத்தில் அதை எவனோ எடுத்துச் செலவு பண்ணுவதா?

பள்ளிவாசலில் உன் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மாமா எழுந்து நின்று அறிவித்தாராம். இவர் யாருக்காவது மனக்கஷ்டம் கொடுத்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சபையில் கேட்பது நம் வழக்கம். அந்த அறிவிப்பு இந்தச் சபைக்கு வந்து சேரவில்லை. நான் கீழே இறங்கிப் போய் மைக்கை வாங்கினேன்.

"என் அண்ணன் ஜாஹிர் உசேன் மௌத்தாயிட்டாங்க. நோம்புக்கு முந்தியே இறந்துட்டாங்க. உங்ககிட்ட இம்புட்டு நாளாப் பேசுனது அவங்க இல்ல, ஒரு மெஷினு. அவங்க சொன்னதா நினைச்சு எதையும் செஞ்சுறாதீங்க. உங்க யார் மனசாவது அவங்களால நொந்திருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

பிறகு எல்லோரும் குனிந்தார்கள். எல்லோர் விரலும் போனில் ஓடியது. சட்டைப்பையில், மேசையில், மடியில் என்று ஹால் முழுக்க ஒரே நேரத்தில் டிங் டிங்கென்று சத்தம். முன்வரிசையில் இருந்தவர் போனை எனக்குத் திருப்பிக் காட்டினார். 'யாரு சொன்னா? நான் நல்லாத்தான் இருக்கேன். இங்கதான் இருக்கேன்.'

எல்லோருக்கும் அதே பதில். நீ இல்லை என்று நான் சொல்கிறேன், இருக்கிறேன் என்று நீ சொல்கிறாய். அவர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "இது ஏதோ போட்டிக் கம்பெனி வேலை" என்றான்.

கந்தசாமி அண்ணன் எழுந்தார். "அம்மணி, எங்க அடக்கம் பண்ணீருக்கறீங்க? நான் வந்து பாக்கறனுங்க" என்றார்.

ஒரு வேன் நிறையப் பேர் வந்தார்கள். ஜெரால்டும் ஏறிக்கொண்டான். பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கம் நம் பக்கம் இல்லையே, நான் கேட்டிலேயே நின்றேன். கழுத்து அட்டைகள் வெயிலில் மின்ன, அவர்கள் வரிசையாக உன் கபரின் மீசான் கல்லைச் சுற்றி நின்றது தெரிந்தது. பிறகு கந்தசாமி அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்தார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"இங்க பாருங்க அம்மணி."

'எங்க போயிட்டீங்க எல்லாரும்? உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்' என்று இருந்தது.

ஜெரால்டு உன் கால்மாட்டில் நின்றுகொண்டே கத்திக் கேட்டான். "நிறுத்திரவாக்கா?"

தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் உன்னைக் கேட்காமல் நான் எதைச் செய்திருக்கிறேன்? என் போனை எடுத்து, 'அண்ணே, நிறுத்தச் சொல்லட்டுமா?' என்று எழுதினேன்.

'உன் இஷ்டம் பாப்பா' என்று வந்தது.

உயிரோடு இருந்திருந்தால் நீயும் அதைத்தானே சொல்லியிருப்பாய்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அந்தக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துடா" என்று கத்தினேன். உன்னை இரண்டாம் தடவை அனுப்பி வைத்தது நான்தான் அண்ணே. முதல் தடவையைவிட இதுதான் வலித்தது.

சாயங்காலம் வெளியீடு நடக்கவில்லை. அவர்கள் எல்லோரும் நம் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார்கள். நடுவீட்டில் இடம் போதவில்லை. மெஷின் கதையைப் பற்றி யாரும் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை, சொல்ல வேண்டாமென்று நான் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஒவ்வொருத்தரையும் எந்த ஊரு, கல்யாணம் ஆயிருச்சா, எத்தனை பிள்ளை என்று கேட்டு முடித்தாள். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அதில்தான் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடித்தார்கள். "என் மகனுக்கு இம்புட்டுப் பேரா?" என்று அம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காத்துக்காசு என்று நான் சிரித்த இடத்தில் நீ மனுஷர்களையும் சேர்த்திருந்தாய். அதை நீ இருக்கும்போதே நான் வந்து பார்த்திருக்கலாம்.

ஜெரால்டு நேற்று வந்திருந்தான். நிறுத்தித்தான் வைத்திருக்கிறான், அழிக்கவில்லையாம். "உங்களுக்கு வேணும்னா சொல்லுங்கக்கா, உங்ககூட மட்டும் பேசுற மாதிரி வச்சுத் தாரேன்" என்றான். அவன் போன பிறகு அந்த நம்பரை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. சாப்டியா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதானே அண்ணே, அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்று காலை அவனைக் கூப்பிட்டு, அழித்துவிடச் சொல்லிவிட்டேன். அழித்துவிட்டேன் என்று சத்தியம் பண்ணினான். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: உன் வாயால் இனி யாரும் பேச விட மாட்டேன். எவ்வளவு ஏக்கமாக இருந்தாலும் எனக்காகக்கூட விட மாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் இப்படித் தாளில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் போன் இரண்டு தடவை சத்தம் கொடுத்தது. நான் அதைக் குப்புறப் போட்டு வைத்திருக்கிறேன், திருப்பிப் பார்க்கவில்லை. வேறு யாராவதாகத்தான் இருக்கும். உன் பாப்பா உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணே, இதுக்கு மட்டும் நீ பதில் போட்டுறாத.

துஆவுடன்,
உன் கூடப் பிறந்தவள்,
மெஹர்