அசையாத இடது கன்னம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாவது மாடிக் குழாயில் காற்று மட்டும்தான் வருகிறது என்று ஒரு பெரியவர் புகார் சொன்னார். ஆறுதலாக இருக்கட்டுமே என்று சிரித்துத் தொலைத்தேன். உதடு வலது பக்கம் மட்டும் மேலே ஏறியது. "தண்ணி இல்லாம சாகுறோம், உனக்கு நக்கலா இருக்கா?" என்று கத்திவிட்டுப் போனார்.

டிசம்பரில் நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கண்ணாடியும் நானும் சேர்ந்தே இறங்கினோம். காதோரம் முக நரம்பு அறுந்தது. தைத்தார்கள். தோல் ஆறிவிட்டது, நரம்புக்குத்தான் இன்னும் விடியவில்லை. இடது கன்னம் அசையாது, இடது கண் மூடாது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்குகிறேன்.

குடிநீர் அலுவலகத்தில் என் மேலாளருக்கு மட்டும் பரம திருப்தி. "உங்க மூஞ்சியப் பார்த்தே பாதிப் பேர் புகார் சொல்லாம திரும்பிடுறாங்க சார்." பாராட்டாம்!

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது மனைவி தன் வங்கியில் நடந்த கூத்தைச் சொன்னாள். பணம் எடுக்கும் இயந்திரத்திடம் ஒருவர் "கொஞ்சம் சில்லறையா குடும்மா" என்று கெஞ்சினாராம். எனக்குள் சிரிப்பு பொங்கியது. வாயைத் திறந்தால் உள்ளே இருந்த தண்ணீர் இடப்பக்கம் ஒழுகும், உதட்டை இறுக்கிக்கொண்டேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "சரி, சாப்பிடுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

கொஞ்ச நாளாக அவள் பேச்சே குறைந்துவிட்டது. சுவரிடம் எத்தனை நாள்தான் பேசுவாள்?

மார்ச் 20, வியாழன்

நரம்பு டாக்டரம்மா ஒரு சோதனைச் சிகிச்சை இருக்கிறது என்றார். "நரம்பை வளரச் சொல்ற மரபணுவ ஒரு வைரஸ்ல ஏத்தி உள்ள அனுப்புவோம். நோய் தர்ற பகுதிய எடுத்தாச்சு, அது இப்ப வெறும் வண்டி. சரக்கை இறக்கிட்டு ஓய்ஞ்சிடும்."

வளருமா என்று கேட்டேன். "வளரலாம். வளராமலும் போகலாம். வழி தப்பி வேற தசைக்கும் போகலாம்."

இவர் எங்கள் புகார் பிரிவில் இருக்க வேண்டியவர்.

மார்ச் 23, ஞாயிறு

சேதி கேட்டு அக்கா ஓடிவந்தாள். "வைரஸையா ஏத்திக்கப் போற? வேலில போற ஓணானை எடுத்து…" பழமொழியை முடிக்காமல் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். இன்னும் ஊசியே போடலக்கா என்றேன். கழற்றவில்லை.

"யாரோட மரபணுடா அது? நம்ம அப்பா குணம் வந்துடப் போகுது."

"அது ஏற்கெனவே வந்தாச்சு அண்ணி" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

ஏப்ரல் 2, புதன்

ஊசி ஆயிற்று. சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். மனைவிதான் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தாள்.

மே 11, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஒன்றுமே இல்லை. கண்ணாடி முன் நின்று கன்னத்தைத் திட்டினேன். கல்லுளிமங்கன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா? இனிமே என் பொண்டாட்டிகூட சேர்ந்து சிரிக்கவே முடியாதா — இப்படியே கிழவனாயிடணுமா?

செப்டம்பர் 16, செவ்வாய்

குழாயில் சேறு வருவதாக ஒரு தலைமையாசிரியை வந்தார். "நாளைக்கே ஆள் அனுப்புறேம்மா" என்றேன். அவர் முகம் சிவந்தது.

"என்னய்யா, கண்ணடிக்கிறே?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "கண்ணடிச்சேனா? எந்தக் கண்ணு?"

"கேள்வியப் பாரு! இடது கண்ணு!"

"முழுசா மூடிச்சா? நல்லாப் பார்த்தீங்களா? இன்னொரு தடவை பாருங்கம்மா!"

அவர் மேலாளரைத் தேடி ஓடினார். நான் போனைத் தேடி ஓடினேன். "ஒரு டீச்சரம்மாவப் பார்த்துக் கண்ணடிச்சுட்டேன்!" என்றேன் மனைவியிடம். மறுமுனையில் மெல்ல, "இடது கண்ணா?"

"இடது கண்ணேதான்!"

அழுதுவிட்டாள். வங்கியில் எல்லோரும் என்னமோ ஏதோ என்று கூடிவிட்டார்களாம்.

தலைமையாசிரியைக்கு நானும் மேலாளரும் மாறி மாறி விளக்கினோம். "நரம்பு கதையெல்லாம் இருக்கட்டும், முதல்ல சேத்துக்கு வழி சொல்லுங்க" என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

நரம்பு வந்துவிட்டது! உதட்டுக்குப் போகவேண்டிய கிளையில் கொஞ்சம் கண்ணுக்குப் போய்விட்டதாம். வாய் அசைந்தால் இமை மூடுகிறது. பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகும் என்றார் டாக்டரம்மா. அதுவரை?

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க."

மேலாளர் கறுப்புக் கண்ணாடியை நம்பவில்லை. தொலைபேசிப் புகார் அறைக்கு மாற்றிவிட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

துணி துவைக்கும் இயந்திரத்தில் அவளுடைய வெள்ளை உடுப்புகளோடு என் சிவப்புத் துண்டையும் போட்டுவிட்டேன். எல்லாம் ரோஜா நிறம். ஒவ்வொன்றாக உதறிக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். "கண்ணு தெரியலையா? இவ்ளோ பெரிய துண்டு, கண்ணுக்குத் தெரியலையா?"

சட்டென்று நிறுத்தினாள். கிட்டே வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் சிரிக்கிறீங்க."

நான் சிரிப்பதே எனக்குத் தெரியாது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டத் தொடங்கினாள், முன்னைவிடச் சத்தமாக.