நான் கவனிக்கவில்லை என்று சொன்ன காலை

இன்று அங்கன்வாடிக் கதவைத் திறக்கும்போதே குளத்துச் சேற்று வாசம் வந்தது. கிழக்குக் கரையோரம் கொட்டியிருந்த செம்மண்ணை ஜேசிபி அள்ளிக்கொண்டிருக்கிறது. அடியில் கிடந்த பழைய சேறு கறுப்பாக வெளியே வருகிறது. நீ நின்று பார்த்திருக்க வேண்டியதை நான் பார்க்கிறேன்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்சு. வாழ்க்கைப்பட்டதும் ஒரே ஊரில். உனக்கு அந்தக் குளத்தை நம்பிய வயல். எனக்கு அங்கன்வாடி வேலை. குளத்தைக் காக்க ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்து நீ குழு தொடங்கியபோது முதலில் என் வாசலுக்குத்தான் வந்தாய்.

"ஏட்டி, எழுதத் தெரிஞ்சவ ஒருத்தி வேணும். வாறியா?"

வந்தேன். மனுக்களை நான் எழுதினேன்; அவற்றைச் சுமந்து அலுவலகம் அலுவலகமாக நீ நடந்தாய். சனிக்கிழமைகளில் எல்லோருமாக இறங்கி ஆகாயத்தாமரை வாரினோம். ஊறிப்போன கால்விரல்களோடு கரையில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்த அந்த நேரங்கள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்று உன்னிடம் சொன்னதில்லை.

பிறகு லாரிகள் வந்தன. குளத்தின் ஓரத்தை நிரப்பி வீட்டுமனை போட நினைத்தவர்களுக்கு மண் அடித்தது என் கொழுந்தன். பட்டப்பகலில், மூன்று நாள். இரண்டாம் நாள் நாம் இருவரும் கரையில் நின்று பார்த்தோம். நான் செல்போனில் படமும் எடுத்தேன்.

நீ கொடுத்த புகாருக்கு ஒரு காலையில் அதிகாரி வந்தார். "இந்த மேடு பண்டே உள்ளதுதான் சார்" என்றான் கொழுந்தன். என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் நின்றார். மண் கொட்டியதைக் கண்ணால் கண்டவர் யார் என்று அதிகாரி கேட்டார்.

"நானும் இவளும் கண்டோம் சார். இவ படமும் எடுத்திருக்கா" என்றாய் நீ. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் கவனிக்கல்ல சார். படமும் எடுக்கல்ல."

நீ திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, "செரி சார். அப்பம் நான் மட்டும் கண்டதா எழுதிக்கிடுங்க" என்றாய். 'புகார் நிரூபிக்கப்படவில்லை' என்றுதான் அவர் எழுதினார். அன்றிலிருந்து சாயாக்கடையில் உனக்குப் பொய்க்காரி என்று பெயர். அதைக் கேட்டுக்கொண்டே நான் கடந்து போயிருக்கிறேன். குழுவுக்கும் வரவில்லை. உன் வீட்டு வாசல்நடையைத் தவிர்க்க வேறு தெரு சுற்றி வேலைக்குப் போனேன்.

மஞ்சள்காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தேன். "மெலிஞ்சு போனியே ஏட்டி, நேரத்துக்குத் தின்னுதியா?" என்று கேட்டாய். கொண்டுவந்த ஆரஞ்சை உரித்து வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் நீ இல்லை.

குழுவினர் மறுபடி மனு கொடுத்தார்கள். இரண்டாவது விசாரணையில் நானே முன்னால் போய்ப் படத்தைக் காட்டினேன். அதில் தேதி இருந்தது. அதிகாரி அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கொழுந்தன் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசாமலிருந்தார், பிறகு சோறு கேட்டார். நான் பயந்தது இவ்வளவுக்குத்தான். இதற்காகத்தான் உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன்.

மண் அள்ள உத்தரவு வந்ததும் குழுக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். "நீ இல்லேண்ணா இது நடந்திருக்காது" என்றார்கள். தாங்க முடியவில்லை. நீ சொன்னது உண்மை, நான் சொன்னதுதான் பொய் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதி, எழுந்து நின்று வாசித்தேன். அதிகாரியின் பழைய அறிக்கையோடு சேர்க்கும்படி அதை, உன் இடத்துக்கு வந்த குழுத் தலைவியிடம் கொடுத்தேன்.

கடைசி வரிசையில் இருந்த உன் வீட்டுக்காரர் எழுந்தார். கோபமே இல்லாத குரலில், "அவ இருக்கும்போ சொல்லியிருக்கலாம்லா, மக்கா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இப்போது மறுபடி சனிக்கிழமைகளில் ஆகாயத்தாமரை வாரத் தண்ணீரில் இறங்கும்போது அந்தக் குரலும் என்னோடு இறங்குகிறது. அது என்னை விட்டுப் போகவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.