முசே எனக்குக் கொடுத்த படகு

6 ஆகஸ்ட் 1979, திங்கள்

மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையை இறக்குகிறேன், கொல்லையில் கர் கர் என்று சத்தம். போய்ப் பார்த்தால் படகு இரண்டு முக்காலிமேல் கிடக்கிறது. இவர் இரும்பறுக்கும் ரம்பத்தை வைத்து அதன் நடு முதுகை அறுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னா பண்றீங்க?"

"ஓட்ட சின்னதா இருக்கு. ஆளு உக்காந்தா கூட வைக்க எடமில்ல. பெருசு பண்றேன்." தலையைக்கூடத் தூக்கவில்லை.

யாரைக் கேட்டு? பிரெஞ்சுக்கார துரை வீட்டில், முசே என்றுதான் கூப்பிடுவோம், எட்டு வருஷம் சமைத்தவள் நான். பிரான்சுக்குத் திரும்பும்போது முசே கூப்பிட்டு, "அஞ்சலாட்சி, உனக்கு என்ன வேணும், கேள்" என்றார். ரேடியோ இருந்தது. நல்ல பீரோ இருந்தது. நான் படகைக் கேட்டேன். கயாக் என்பார் அதை. பன்னிரண்டு அடி நீளம், மஞ்சள் நிறம், பைபரில் செய்தது. நடுவிலிருக்கும் ஓட்டையில் ஒருத்தர் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்பு போடலாம். முசேயின் பெண்சாதி மதாம் ஒரு தடவை என்னை அதில் உட்கார வைத்து ஆற்றில் தள்ளிவிட்டார்கள். இடுப்புக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஓடியது. அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ரேடியோவ உட்டுட்டு இதப் போயா கேட்ட, பைத்தியமே" என்று திட்டிய மனுஷன்தான் இப்போது அறுக்கிறார்.

7 ஆகஸ்ட்

அறுத்த தூள் பட்டு இவருக்குக் கையெல்லாம் அரிப்பு. தேங்காயெண்ணெய் கேட்டார். மாடத்தில் இருக்கிறது, எடுத்துத் தடவிக்கொள்ளுங்கள் என்றேன்.

11 ஆகஸ்ட், சனி

மில்லைப் பூட்டி மூன்று மாதம். பதினெட்டு வருஷம் பிட்டர் வேலை பார்த்த கை, எதையாவது கழற்றி மாட்டாமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. ஒத்துக்கொள்கிறேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

ஆனால் இன்றைக்கு என் மணையைக் காணோம். அம்மா சீராகக் கொடுத்த பலாமரத்து மணை. தேடினால், படகுக்குள் நாலு கட்டைமேல் ஏறி நிற்கிறது! போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்.

"ஒசரமா உக்காந்தாதான் தூண்டி வீச வாட்டமா இருக்கும்."

"ஒசரமா உக்காந்தா படகு ஆடாதா?"

"நீ சோறாக்குற வேலயப் பாரு."

சோறாக்கித்தானே ஐயா இந்தப் படகு வந்தது?

19 ஆகஸ்ட், ஞாயிறு

மாட்டுவண்டியில் ஏற்றித் தேங்காய்த்திட்டுக்குக் கொண்டுபோனோம். மார்க்கெட்டில் மீன் விற்கும் வேம்பு எனக்குப் பழக்கம். அவள் வீட்டுக்குப் பின்னாலேயே உப்பங்கழி. அங்கே போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

வண்டியில் ஏற்றும்போதுதான் பார்த்தேன். படகின் மூக்கில் சிவப்பு பெயின்டில் கொட்டை எழுத்தில் 'சக்கரபாணி'. தன் பெயர்! எங்கள் நெல்லித்தோப்பு முழுக்க வேடிக்கை பார்த்தது. "சக்கரபாணி படகு போவுது பாரு." நான் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தேன்.

26 ஆகஸ்ட்

இரண்டு கிலோ மடவை மீன் கொண்டுவந்தார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்காக?

2 செப்டம்பர், ஞாயிறு

கவிழ்த்துவிட்டார்.

கொடுவா மாட்டியதாம், இழுக்க எழுந்தாராம், மணை ஒரு பக்கம் சாய்ந்ததாம். மீன் போயிற்று, தூண்டில் போயிற்று, கூடை போயிற்று. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்தியவரை வேம்புவின் புருஷன்தான் இழுத்துவந்தான். வீட்டுக்கு வந்தவர் சொன்னது என்ன தெரியுமா? "அந்த முசே படகு சரியில்ல. வெள்ளக்காரன் ஏமாத்திட்டான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சுக்குக் கஷாயத்தில் மிளகை இரண்டு மடங்காகப் போட்டேன்.

4 செப்டம்பர்

இவருக்குக் காய்ச்சல். படுத்திருக்கிறார். இவர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனேன்.

மணையைக் கழற்றினேன். நாலு போல்ட்டுக்கு உள்ளங்கை இரண்டு இடத்தில் கொப்புளித்துவிட்டது. போல்ட் போட்ட ஓட்டைகளைத் தார் காய்ச்சி அடைத்தேன். அடியில் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். முசே இப்படித்தான் தாழ உட்காருவார். வேம்பு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு மூங்கிலும், மூடி அடைத்த இரண்டு காலி மண்ணெண்ணெய் டின்னும் கொண்டுவந்தாள். படகுக்குக் குறுக்கே மூங்கிலைக் கட்டி, பக்கத்துக்கு ஒரு டின் தொங்கவிட்டோம்.

"இப்ப எந்தப் பக்கம் சாஞ்சாலும் டின்னு தாங்கும்க்கா. ஏறு."

ஏறினேன்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பொம்பள படகுல ஏறுனா கழியில மீனு தங்குமா?" என்றார். மீன் அவரிடம் வந்து சொல்லிற்றா? நான் துடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வேம்பு விட்டாளா? "ஒன் வலயில நேத்தும்தான் ஒண்ணும் விழல. நேத்து எந்தப் பொம்பள ஏறுனா? போய்யா."

16 செப்டம்பர், ஞாயிறு

பத்து நாளாக விடியற்காலையில் போகிறேன். நண்டு வலை போடுகிறேன். இரும்பு வளையத்தில் கட்டிய சின்ன வலைதான். நடுவில் மீன்தலையைக் கட்டி இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால் நண்டு இருக்கும். சில நாள் கூடை நிறைகிறது. வேம்பு மார்க்கெட்டில் விற்றுத் தருகிறாள்.

இவர் எழுந்து நடமாடுகிறார். இன்றைக்குத் தேங்காய்த்திட்டுக்கு வந்து படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டின்னைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "யாரக் கேட்டு மணயக் கழட்டுன?" என்றார்.

யாரக் கேட்டு! என்னை! அப்படியே சிரிப்பதா, அழுவதா?

23 செப்டம்பர், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நண்டோடு கரைக்கு வருகிறேன், வேம்பு வீட்டருகே ஒரு கைவண்டி நிற்கிறது. சைக்கிள் கடை ஜானகிராமன், கூட இரண்டு ஆள், இவர். ஜானகிராமனின் பழைய மொபெட்டும் நிற்கிறது. படகைக் கொடுத்துவிட்டு மொபெட்டை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு முடிந்துவிட்டதாம். எனக்குத் தெரியாமல்.

"எறங்கு அஞ்சல, அவங்க எடுத்துக்கினு போவட்டும்" என்றார் இவர்.

நான் இறங்கவில்லை. படகு பாதி மணலில், பாதி தண்ணீரில்.

"எறங்கும்மா" என்றார் ஜானகிராமன். "ஒம் புருசங்கிட்ட பேசி முடிச்சாச்சு."

"அவரு படகுன்னா அவருகிட்ட பேசுங்க. இது எனக்குக் குடுத்தது. தூக்கறதுன்னா என்னயும் சேத்துத் தூக்குங்க."

அந்த இரண்டு ஆளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் நிஜமாகவே குனிந்தான். துடுப்பை ஓங்கினேன். ஓங்கினேன், ஆமாம். கூடை சாய்ந்து நண்டெல்லாம் மணலில் ஓடிற்று. ஒன்று ஜானகிராமன் செருப்பைப் பிடித்துக்கொண்டது. வேம்பு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜானகிராமன் செருப்பை உதறிவிட்டு, "மொதல்ல ஊட்டுல பேசிட்டு வாய்யா" என்று இவரைத் திட்டிவிட்டு மொபெட்டில் போய்விட்டார்.

இவர் மணலில் உட்கார்ந்தார். கையால் மணலைக் கிளறிக்கொண்டே, "வண்டி இருந்தா வில்லியனூரு, திருபுவனைன்னு வேல தேடிப் போலாம்னு பாத்தேன்" என்றார்.

நியாயம்தான். மூன்று வேளையும் என் நண்டுக் காசில் சாப்பிடுவது அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லையே! அறுக்கும்போது கேட்கவில்லை, பெயர் எழுதும்போது கேட்கவில்லை, விற்கும்போதுமா?

24 செப்டம்பர்

பேச்சில்லை. சோறு போட்டேன். சாப்பிட்டார்.

3 அக்டோபர்

இன்னும் பேச்சில்லை. கழியில் நல்ல நண்டு.

8 டிசம்பர், சனி

மழை நாளெல்லாம் எழுதவில்லை. ஆற்றில் வெள்ளம் என்று படகை ஒரு மாதம் கரையிலேயே கட்டிப் போட்டிருந்தோம்.

மில் திறந்து ஒரு வாரம் ஆகிறது. சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்தவர், நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வாசற்படியில் வந்து நின்றார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு எனக்கு லீவு. படகு எடுத்துக்கட்டுமா?"

அரிசியை இன்னொரு தடவை களைந்தேன். அது தேவையே இல்லை.

"எட்டு மணிக்குள்ள கொண்டாந்துடுங்க. அப்பறம் எனக்கு வேணும்."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.