காப்பி போட்ட கை

மார்ச் 3, செவ்வாய்

மழை இல்லை. காற்றுதான் உயிரை வாங்குகிறது. அடுப்புக்குத் தரும் எரிகட்டி மூன்று முறை பற்றி மூன்று முறை அணைந்தது. கடைசியில் பதுங்குகுழியின் மூலையில் ஒரு முழம் தோண்டி அடுப்பை உள்ளே இறக்கிய பிறகுதான் தண்ணீர் சுட்டது.

ரேஷன் பொட்டலத்துக் காப்பித்தூளில் அப்படியே வெந்நீரை ஊற்றிக் குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தூளையும் சர்க்கரையையும் ஒரு மூடித் தண்ணீர் விட்டு, நிறம் வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். கரண்டி ஆகாது, குவளையில் பட்டால் சத்தம் ஊருக்கே கேட்கும். பட்டை உரித்த குச்சிதான். பால்மாவைத் தனியாகக் குழைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

"உன் காப்பிக்காகவே இன்னொரு வருஷம் இங்கயே கெடக்கலாம்டா" என்றான் ஒட்டடை. ஏழு மாதமாக நானும் அவனும் ஒரே குழி. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

பதினான்காம் தேதி எனக்கு லீவு. என் மனைவிக்கு டாக்டர் சொன்ன பிரசவத் தேதி இருபது. தலைப்பிள்ளை. நான் பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 5

இங்கே போன் வைத்திருக்கக் கூடாது. ஒட்டடை ரேஷன் பெட்டிக்கு அடியில் ஒன்று வைத்திருக்கிறான். இன்று நான் காப்பி அடிப்பதைப் படம் பிடித்தான். "மூஞ்சி வராதுடா, கை மட்டும்தான். தங்கச்சிக்கு அனுப்பப் போறேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா."

நானும் புகழ்ச்சியில் மயங்கிக் குச்சியைக் கொஞ்சம் ஸ்டைலாகவே சுழற்றினேன். மடையன்.

மார்ச் 9, திங்கள்

ஒட்டடையின் தங்கச்சி அதை ஏதோ புனைபெயரில் இணையத்தில் போட்டுவிட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம். என் கைக்குப் பின்னால் குன்றும் வயர்லெஸ் கம்பமும் பளிச்சென்று தெரிகின்றன. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கேப்டன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போல. என் இடது கட்டைவிரலில் நகமே கிடையாது. அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"கை உன்னுது. எடுத்தது யாரு?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"பேரைச் சொல்லு, உன்னை விட்டுடறேன்."

ஒட்டடை இரண்டு ஆள் தள்ளித் தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான். காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. அவனே வாயைத் திறப்பான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் குழிக்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இப்ப ஆளு கொதிச்சுப் போயிருக்காரு. காலையில நானே போய் ஒத்துக்கறேன்டா. எங்கம்மா மேல சத்தியம்."

மார்ச் 10

போகவில்லை.

மார்ச் 11

இடம் தெரிந்துபோனதால் மொத்தப் பேரும் மூன்று மைல் தள்ளி வந்து புதிதாகக் குழி வெட்டுகிறோம். எல்லாம் பாறை. கடப்பாரை ஒவ்வொரு தடவை எகிறும்போதும் என் வம்சத்தையே இழுக்கிறார்கள். "என்ன மாஸ்டர், இன்னைக்குக் கடை லீவா?" என்றார் சமையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டடையும் சிரித்தான்!

மார்ச் 12

லீவு ரத்து. எங்கள் செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் ஒட்டடையுடையது.

"வேணாம்னு சொல்லிடுடா" என்றேன்.

"வேணாம்னா சந்தேகப்படுவாங்கடா."

எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு? என் முகத்தைப் பாத்து எப்படிடா சொன்ன? — எழுதக்கூட கை வரவில்லை.

மார்ச் 14

போனான். அவன் பையை நான்தான் வண்டியில் தூக்கிப் போட்டேன். பழக்கதோஷம்.

மார்ச் 19, வியாழன்

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. வயர்லெஸ்காரர் ஓடி வந்து சொன்னார். அவருக்கு ஒரு காப்பி போட்டேன். அவசரத்தில் பால்மா கட்டிகட்டியாக நின்றது. நல்லாருக்கு என்று குடித்துவிட்டுப் போனார், பாவம்.

மார்ச் 24

சார்ஜென்ட் பேச்சுவாக்கில் கேட்டார்: "ரேஷன் லாரி டிரைவர்கிட்டச் சொல்லி, அவன் போன்ல உன்னைப் படம் எடுக்க வச்சது நீயேதானாமே? ஒட்டடை எழுதிக் கொடுத்திருக்கானே, பத்தாம் தேதி காலையில."

அப்படியானால் அன்று காலை போயிருக்கிறான். சத்தியம் செய்தபடியே போயிருக்கிறான்.

இனி நான் உண்மையைச் சொன்னால் பழி போடுகிறான் என்பார்கள். வாயடைத்து விட்டான். ஏழு மாதம் ஒரே குவளையில் குடித்தவன்.

மார்ச் 30

ஒட்டடை திரும்பிவிட்டான். என் வீட்டுக்கும் போயிருக்கிறான்! குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டி, "அப்படியே உன் மூக்குடா" என்றான். என் பிள்ளையை எனக்கு முன்னால் அவன் தூக்கியிருக்கிறான்.

அவள் கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தாள். "உங்க லீவுக்காக அந்த அண்ணன் கேப்டன் கால்ல விழாத குறையா கெஞ்சினாராம். இப்படி ஒரு கூடப்பிறந்தவர் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

காப்பி கேட்டான். போட்டுக் கொடுத்தேன். அடிக்கவில்லை, குழைக்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டி வெந்நீரை ஊற்றிக் கொடுத்தேன். "இதுக்குத்தான்டா ஏங்கிப் போயிருந்தேன்" என்று குடித்தான்.

மே 8, வெள்ளி

வீடு. எட்டு நாள்.

ஐம்பது நாள் குழந்தை என்னைப் பார்த்ததும் வீறிட்டது. "அந்த அண்ணன் தூக்கினப்ப சத்தமே காட்டலையே" என்றாள் அவள். ஆசையாகத்தான் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. படத்திலிருந்து எழுதிக் கொடுத்தது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஒட்டடையைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். குழந்தைக்குத் துணி மாற்றி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அன்னைக்கு கேப்டன் கேட்டப்பவே பேரைச் சொல்லியிருந்தா உங்களுக்கு லீவு கிடைச்சிருக்கும். அப்படித்தானே?"

"ஆமா."

"எனக்குப் பதினெட்டு மணி நேரம் வலி. கதவு திறக்கறப்பல்லாம் நீங்கதான்னு தலையைத் தூக்கிப் பாத்தேன். அந்தாளு பேரு கெடக்கூடாதுன்னா என்னை அப்படிப் போட்டு வச்சீங்க?"

மே 10

குழந்தையை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுப் போகிறாள்.

நண்பன் என்று நினைத்தேன், அவனும் நினைப்பான் என்று நினைத்தேன் — அவளுக்கு இதெல்லாம் எதற்கு?

மே 15

நாளை கிளம்ப வேண்டும். என் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "இனிமே யார் பேரைச் சொல்லணும்னாலும் சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க."

மே 17, ஞாயிறு

கேப்டன் கூடாரத்துக்குப் போய் ஒட்டடையின் பெயரைச் சொன்னேன். போன் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"ரெண்டு மாசம் கழிச்சு இப்ப எதுக்கு வந்து சொல்ற?" என்றார்.

"அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு வீட்டுல கேக்கறாங்க சார்" என்றேன்.