மைலோ டின்னில் விழுந்த சீட்டு

அன்புள்ள பிரமிளாவுக்கு அம்மா எழுதுவது. ஈப்போ சிலிபினில் நாங்கள் மூவரும் நலம், மெல்பர்ன் குளிரில் நீயும் ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாப்பா பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, லயத்து வீடுகளும் இல்லை, கோயில் மட்டும்தான், ஆனாலும் வருடா வருடம் எல்லோரும் அங்கே போய்த்தான் கும்பிடுவோம். இந்த முறை கோயில் கமிட்டித் தலைவர் சதாசிவம் அண்ணன் கூட்டத்தில், வயசானவங்களுக்குச் சிரமம்லா, ஈப்போவிலேயே மண்டபம் எடுத்துச் செஞ்சிடலாம் என்று சொல்லி, சம்மதமானவர்களைக் கை தூக்கச் சொன்னார். ஒரு கை எழுந்ததும் எல்லாக் கையும் எழுந்தது, என் கையும்தான். பிறகு ஹுசைன் கடையில் தே தாரிக் குடிக்கும்போதுதான் தெரிந்தது, செல்லாயி அக்காவுக்கு அதில் விருப்பமே இல்லை, என் முட்டிவலிக்காகத் தூக்கினாராம், நான் அவருக்காகத் தூக்கினேன். தான் மட்டும்தான் வேறு மாதிரி நினைப்பதாக ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு, யாருக்குமே வேண்டாததற்கு எல்லோரும் தலையாட்டுவது என்று உன் சமூக உளவியலில் இருப்பதாகச் சொன்னாயே, அதேதான். நாலு பேர் முன்னால் கேட்டால் ஒரு பதில், தனியாகக் கேட்டால் ஒரு பதில், கேட்கிற ஆளைப் பார்த்தும் பதில் மாறும் என்றாய் அல்லவா, அதனால் அடுத்த கூட்டத்தில் பெயர் போடாமல் சீட்டு எழுதி மைலோ டின்னில் போட வைத்தேன், பிரித்துப் படிக்க எந்தப் பக்கமும் சேராத ஹுசைனைக் கூப்பிட்டோம். ஈப்போ என்று ஒரு சீட்டுகூட இல்லை. சதாசிவம் அண்ணன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் உன் வேலை விஷயம் எனக்கு உறைத்தது. போன மாதம் வீடியோவில் எங்களை வரிசையாக உட்கார வைத்து, அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடட்டுமா என்று கேட்டாய். தம்பி ரூபன் முந்திக்கொண்டு, நல்ல சான்ஸ்லா அக்கா, விட்டுறாதே என்றான், அப்பா தலையாட்டினார், நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். இவ்வளவு படித்த நீ அப்படியா கேட்பது? என் சீட்டை இதில் எழுதுகிறேன், நீ திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஒருத்தியின் பதிலை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று நீதான் சொல்வாய், ஆகையால் அப்பாவிடமும் ரூபனிடமும் தனித்தனியாகக் கேள். அவர்கள் மனதாரவே இரு என்றால் நான் தாங்கிக்கொள்வேன்.

தோட்டத்து மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. இந்தக் கடிதத்தை மட்டும் அவர்களிடம் காட்டிவிடாதே, பார்த்தால் இரண்டு பேரும் எனக்காகக் கை தூக்கிவிடுவார்கள்.

உன் அம்மா,
விமலா